காரில் கார்பன் ஃபைபர்: எங்கே போட்டால் காசுக்கு ஈடு?

வீட்டில் இருபது வயதைத் தாண்டிய பிள்ளையும் வாசலில் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரும் இருந்தால், கார்பன் ஃபைபர் பேச்சு என்றாவது ஒருநாள் சாப்பாட்டு மேசைக்கு வந்தே தீரும். "பானட்டை மட்டும் மாத்திக்கிறேம்பா, வண்டி லேசாயிடும், இன்னும் வேகமா போகும்" என்பார்கள். "எதுக்கு இந்த வெட்டிச் செலவு?" என்போம் நாம். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா பையனும் இதைத்தான் என்னிடம் கேட்டான். அவனிடம் இருப்பது மஸ்டா எம்எக்ஸ்-5. நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால், நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் அதில் கை வைப்போம். காருக்கும் அதையே செய்து பார்க்கலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம்.

பொருள் நல்ல பொருள்தான்

கார்பன் ஃபைபர் இழை தலைமுடியைவிடச் சுமார் பத்து மடங்கு மெல்லியது. பாலிஅக்ரைலோநைட்ரைல் என்ற செயற்கை இழையை, ஆக்ஸிஜன் இல்லாத உலையில் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி எடுக்கிறார்கள். அதைத் துணி மாதிரி நெய்து, எபாக்ஸி பிசினோடு அச்சில் அடுக்கி இறுகவைத்தால் கார் பாகம் தயார். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.8 கிராம் இருக்கும், அலுமினியம் 2.7 கிராம். கார்பன் ஃபைபர் பாகமோ சுமார் 1.6 கிராம்தான்.

அதன் பலம் முழுக்க இழை ஓடும் திசையில்தான் இருக்கிறது. விசை எந்தப் பக்கமிருந்து வரும் என்று கணக்குப் போட்டு அடுக்கினால்தான் பலன். மெக்லாரன் அதைத்தான் செய்தது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த எம்பி4/1 என்ற பந்தயக் காரில், ஓட்டுநர் உட்காரும் கூட்டையே கார்பன் ஃபைபரில் கட்டினார்கள். ஃபார்முலா ஒன்னில் அதுதான் முதல் முறை. "அடிபட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கிடும்" என்று பலர் பயந்தார்கள். 1981-இல் இத்தாலியின் மோன்சாவில் ஜான் வாட்சன் பயங்கரமாக மோதினார். எஞ்சின் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனது, அவரோ காயமில்லாமல் இறங்கி நடந்தார். அதற்குப் பிறகு அந்தப் பயம் போய்விட்டது. 2011-இல் வந்த மெக்லாரன் எம்பி4-12சி என்ற சாலைக் காரில் அந்தக் கூட்டின் எடை 75 கிலோதான்.

விலை ஏன் இவ்வளவு?

தரமான பாகத்துக்கு, பிசின் முன்கூட்டியே ஏற்றிய துணி வேண்டும். அதை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் பெரும்பாலும் கையால்தான் வைக்கிறார்கள். பிறகு ஆட்டோகிளேவ் என்ற பெரிய அழுத்த அடுப்பில் பல மணி நேரம் வேக வேண்டும். நம்ம வீட்டுக் குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைவாகக் கிடைப்பவற்றில் பல வேறு ரகம். கண்ணாடி இழைப் பாகத்தின் மேல் ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி ஒட்டியிருப்பார்கள். சிலவற்றில் வெறும் ஸ்டிக்கர்தான். வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நல்ல விற்பனையாளர் எடையையும் தயாரித்த முறையையும் எழுதியே கொடுப்பார்.

கணக்கு என்ன சொல்கிறது?

எம்எக்ஸ்-5 காருக்கு பானட் கம்பெனியிலிருந்தே அலுமினியத்தில் வருகிறது. இரும்பை எடுத்துவிட்டுக் கார்பன் போட்டால் கிடைக்கிற லாபம் இங்கே கிடைக்காது. 3 கிலோ குறைகிறது, செலவு 900 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 300 பவுண்டு! 1,000 கிலோ சொச்சம் உள்ள காரில் 3 கிலோ என்பது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. 20 லிட்டர் பெட்ரோலே சுமார் 15 கிலோ இருக்கும். டேங்கைப் பாதி காலியாக ஓட்டினாலே அந்த பானட்டைவிட அதிகம் குறைந்துவிடும்.

"அப்போ எல்லாமே ஏமாத்தா மாமா?" என்று கேட்டான். இல்லை, இடம்தான் முக்கியம். சக்கரத்தில் குறைகிற எடை சுழல்கிற எடை, அதோடு ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை. அதனால் வண்டி சீக்கிரம் வேகமெடுக்கும், சுலபமாக நிற்கும், மேடுபள்ளத்திலும் டயர் தரையை விடாது. ஃபோர்டு தன் ஷெல்பி ஜிடி350ஆர் காருக்குக் கார்பன் சக்கரம் கொடுத்தபோது, ஒரு சக்கரம் சுமார் 15 கிலோவிலிருந்து 8 கிலோவாக இறங்கியது. கூரையில் குறைத்தாலும் பலன் உண்டு, ஏனென்றால் காரின் எடை மையம் கீழே இறங்கும். ஆனால் சக்கரம், கூரை எல்லாம் கம்பெனியே சோதித்துக் கொடுக்கும்போதுதான் நம்பலாம். கண்ணாடி மூடி, பின்பக்க ஸ்பாய்லர், டேஷ்போர்டு பட்டை எல்லாம் அழகுக்கு மட்டுமே.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

காசைவிட எனக்குக் கவலை பாதுகாப்பு. கம்பெனி பானட், மோதும்போது மடங்கவும், நடந்து போகிறவர் தலை பட்டால் அமுங்கிக் கொடுக்கவும் யோசித்துச் செய்யப்பட்டது. வெளியே வாங்குகிற பாகத்துக்கு அந்தச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். பூட்டு சரியாக உட்காராவிட்டால் மோட்டார்வேயில் பானட் எகிறித் திறந்து முன்கண்ணாடியை மறைத்துவிடும்.

கார்பன் பக்கெட் சீட் போட்டால் சீட்டுக்குள் இருக்கும் பக்கவாட்டு ஏர்பேக் போய்விடும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் இங்கிலாந்தின் எம்ஓடி சோதனையிலும் தேறாது.

அடிபட்ட கார்பன் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதனால் சக்கரம் மாதிரி பாகங்களைப் பழையதாக வாங்கவே வேண்டாம். கராஜில் பிள்ளைகளே அறுத்துத் தேய்த்தால் அந்தத் தூசு நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கெடுதல். மாஸ்க், கண்ணாடி, கையுறை கட்டாயம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் எதையும் மாற்றக் கூடாது. விபத்து நடந்த பிறகு தெரிந்தால் கிளெய்மையே மறுக்கலாம். ஜெர்மனி மாதிரி நாடுகளில் பல மாற்றங்களுக்கு அனுமதிப் பத்திரமே கேட்பார்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் என்ன விதி என்று முதலில் பாருங்கள்.

எப்படிப் பேசலாம்?

"வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் பிள்ளை நமக்குத் தெரியாமல் வாங்குவான், இன்ஷூரன்ஸுக்கும் சொல்ல மாட்டான். அதைவிட மூன்று கேள்வி கேட்கலாம். எத்தனை கிலோ குறையும்? ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது? அதே காசில் வேறு என்ன கிடைக்கும்?

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: நல்ல டயர், புது பிரேக் பேடு, பிரேக் ஆயில், அப்புறம் பயிற்சியாளரோடு ஒருநாள் ரேஸ் டிராக்கில். இத்தனையும் அந்த 900 பவுண்டுக்குள் பெரும்பாலும் அடங்கும். வண்டி நிற்கிற தூரமும் ஓட்டுகிறவன் கையும் இதில்தான் மாறும்.

இதெல்லாம் கேட்ட பிறகும் "எனக்கு அந்த நெசவு பார்க்கப் பிடிச்சிருக்கு" என்று பிள்ளை சொன்னால், அதுவும் நியாயமான காரணம்தான். நாம் பட்டுப்புடவை எடுக்கும்போது கிலோ கணக்கா பார்க்கிறோம்? சொந்தச் சம்பாத்தியத்தில், பூட்டு சரிபார்த்து, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் போடட்டும். அழகுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினால் போதும்.