ஷிஃப்ட்-டெலீட்டுக்குப் பிறகு எஸ்எஸ்டிக்குள் என்ன நடக்கிறது?

போன மாதம் அத்தை பையன் போன் செய்தான். "மச்சான், அம்மாச்சி எண்பதாம் பிறந்தநாள் போட்டோ ஃபோல்டரை ஷிஃப்ட்-டெலீட் பண்ணிட்டேன். 2008ல எடுத்துக் கொடுத்தியே, அதே மாதிரி எடுத்துக் கொடு."

2008ல் அது பெரிய வித்தை இல்லை. இலவச ரெகவரி மென்பொருள் ஒன்றை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், காலையில் கிட்டத்தட்ட எல்லாமே வந்துவிட்டது. இப்போதும் அதையேதான் செய்தேன். கோப்புகளின் பெயர் வந்தது, அளவும் சரியாக இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே வெறும் பூஜ்யம்.

வித்தியாசம் இதுதான்: அன்றைக்கு அவனிடம் இருந்தது ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு எஸ்எஸ்டி.

ஹார்ட் டிஸ்கில் டெலீட் செய்வது, பட்டாவிலிருந்து பெயரை எடுப்பது மாதிரி. வீடு அப்படியே நிற்கும். வேறு யாராவது வந்து அதே மனையில் கட்டும்வரை உள்ளே போய்ப் பார்க்கலாம்.

எஸ்எஸ்டி தனி வீடு இல்லை, அடுக்குமாடி. தகவலை எழுதுவது 'பேஜ்' கணக்கில். இப்போதைய சிப்களில் பொதுவாக 16 கிலோபைட். ஆனால் அழிப்பது பேஜ் கணக்கில் முடியாது. பல மெகாபைட் கொண்ட ஒரு 'பிளாக்' முழுவதையும் சேர்த்துத்தான் அழிக்க முடியும். ஒவ்வொரு செல்லிலும் எலக்ட்ரான்களை அடைத்து வைத்துத்தான் தகவல் சேமிக்கப்படுகிறது. அவற்றை வெளியே இழுக்கத் தேவையான அதிக மின்னழுத்தம் பிளாக் முழுமைக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப்படுகிறது. 1980களில் டோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா இதை உருவாக்கியபோது, மொத்தமாக அழிவது கேமரா ஃபிளாஷ் மாதிரி இருக்கிறதே என்று உடன் வேலை பார்த்தவர் சொல்ல, 'ஃபிளாஷ் மெமரி' என்ற பெயர் வந்தது. போட்டோ தொலைத்தவனிடம் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு பிளாட் மட்டும் பழசானால் தனியாக இடிக்க முடியாது. மற்ற பிளாட்காரர்களை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டு, முழுசாக இடிக்க வேண்டும். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் இந்த வேலையைத்தான் நாம் கேட்காமலே பின்னணியில் செய்துகொண்டிருக்கிறது. இதற்கு 'கார்பேஜ் கலெக்‌ஷன்' என்று பெயர். எந்தக் கோப்பு எந்த பேஜில் இருக்கிறது என்ற கணக்கு கன்ட்ரோலருக்குத்தான் தெரியும், விண்டோஸுக்குத் தெரியாது.

அதேபோல, நாம் டெலீட் செய்தது கன்ட்ரோலருக்குத் தெரியாது. குடியிருந்தவர் காலி செய்துவிட்டது தெரியாமல் அவர் சாமான்களையும் சுமந்து மாற்றிக்கொண்டே இருக்கும். வேகம் குறையும்; அழித்து எழுத ஒரு செல்லுக்கு உள்ள ஆயுளும் வீணாகும். அதனால்தான் 'ட்ரிம்' என்ற கட்டளை வந்தது. "இந்த இடங்கள் இனி வேண்டாம்" என்று இயங்குதளம் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். விண்டோஸ் 7 (2009) முதல் இது உண்டு. சொன்ன பிறகு அந்த இடத்தைப் படிக்கப் போனால், பெரும்பாலான எஸ்எஸ்டிகள் பூஜ்யத்தைத்தான் நீட்டும். சிப்புக்குள் மிச்சம் ஏதாவது இருந்தாலும் நம் மென்பொருளால் தொட முடியாது. கொஞ்ச நேரத்தில் அந்த மிச்சமும் இடிக்கப்பட்டுவிடும்.

அப்போ வழியே இல்லையா? சில சந்தர்ப்பங்களில் உண்டு. ரீசைக்கிள் பின்னில் கிடக்கும்வரை ட்ரிம் போகாது. உபுண்டுவில் வழக்கமாக வாரம் ஒருமுறைதான் ட்ரிம் ஓடும், அதற்குள் கவனித்தால் நம்பிக்கை உண்டு. யூஎஸ்பி பெட்டிக்குள் போட்ட எஸ்எஸ்டி என்றால், சில பெட்டிகள் ட்ரிம் கட்டளையைக் கடத்துவதே இல்லை. எதுவானாலும் முதல் வேலை மெஷினை அணைப்பதுதான். அவன் என்னடான்னா, அதே டிரைவில் நாலு ரெகவரி மென்பொருளை இறக்கிப் போட்டுவிட்டுத்தான் எனக்கே போன் செய்தான்.

கடைசியில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தேடி முப்பத்தைந்து படங்கள் தேற்றினோம். எல்லாம் சுருங்கி, மங்கலாக. இப்போது அவற்றை 2008ல் காப்பாற்றிய அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கிலும் ஒரு காப்பி போட்டு வைத்திருக்கிறான்.