சாவித்திரிக்கு ஒரு வர்ண ஆலாபனை

மாசியும் பங்குனியும் கூடும் வேளையில் காரடை வேகும் வாசனை வராத தெரு நம் ஊர்களில் குறைவு. அடையும் உருகாத வெண்ணெயும் வைத்து, கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்வோம். சாவித்திரி நமக்குச் சமையலறை வழியாகவே பழக்கமானவள். அவளை வர்ணத்திலும் ஆர்கன் வாத்தியத்திலும் சந்திக்கலாம் என்று கேள்விப்பட்டுத்தான் எதிர்வீட்டு மாமியை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் புறப்பட்டேன். மணக்குள விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று மாமி முன்கூட்டியே நிபந்தனை விதித்துவிட்டாள்.

கோயிலிலிருந்து நாலடி நடந்தால் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம். 1910இல் இந்த ஊருக்கு வந்த ஸ்ரீ அரவிந்தர், 1950இல் மறையும் வரையில் திருத்தித் திருத்தி எழுதிய ஆங்கில மகாகாவியம் ‘சாவித்திரி’. ஏறக்குறைய இருபத்து நாலாயிரம் வரிகள்! ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை, பாரிஸில் பிறந்து அங்கேயே ஓவியம் பயின்றவர். ஆர்கனும் வாசிப்பார். முன்கூட்டி எழுதிவைத்த சங்கீதம் அல்ல. அந்த வேளையில் மனத்தில் எழுவதை வாசிப்பார். நம் வித்வான்களின் மனோதர்மத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய காவியத்துக்குப் படம் எழுத அவர் யாரைத் தேர்ந்தெடுத்தார், தெரியுமா? பேர்பெற்ற ஓவியர் எவரையும் அல்ல. ஆப்பிரிக்காவில் குடியேறிய குஜராத்திக் குடும்பத்தில் பிறந்து, 1955இல் ஆசிரமத்துக்கே வந்துவிட்ட ஓர் இளம் பெண்ணை! ஹுதா என்பது அன்னை அவளுக்கு இட்ட பெயர். தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அன்னைதான். 1961இல் தொடங்கிய வேலை ஐந்தாறு வருஷம் நடந்தது. அன்னை கோட்டோவியமாகச் சிலவற்றை வரைந்து காட்டி விளக்குவார். ஹுதா வர்ணத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வருவாள். இப்படி 472 படங்கள்! 1967 பிப்ரவரியில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள்.

பிறகுதான் சங்கீதம் வந்து சேர்ந்தது. படங்களுக்குரிய காவிய வரிகளை அன்னையே படித்து ஒலிப்பதிவு செய்தார். அவருடைய ஆர்கன் இசையோடு அந்தக் குரலும் படங்களும் பின்னால் திரைப்படமாகவும் இணைந்தன. சிதார் பயின்ற சுனில் பட்டாச்சார்யா என்ற ஆசிரமவாசியும் ‘சாவித்திரி’க்கு இசை அமைத்தார். நம் நாட்டு இசையும் மேல்நாட்டு இசையும் அதில் கைகோத்து வரும்.

படங்கள் இப்போது ஆரோவில்லில், சாவித்திரி பவனில் இருக்கின்றன. காலண்டரில் காணும் எருமை வாகனத்தையும் பாசக்கயிற்றையும் தேடிக்கொண்டு அங்கே போகிறவர்கள் ஏமாறுவார்கள். நீலம், வெண்மை, பொன் நிறம், ஒளி! பல படங்களில் அவ்வளவுதான். மாமி நாலைந்து படங்கள் வரை பொறுத்தாள்.

“ஏண்டிம்மா, சாவித்திரி எங்கே இருக்கா?”

“இந்த வெளிச்சம்தான் மாமி.”

“நன்னாயிருக்கு போ! வெளிச்சத்துக்கா சரடு கட்டிக்கறோம்?”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதே மாமி கச்சேரியில் கல்யாணி ஆலாபனை கேட்டுக் கண் கலங்குகிறவள். அரை மணி நேரம் ஒரு வார்த்தைகூட இல்லாமல் பாடினாலும், “அர்த்தம் என்ன?” என்று வித்வானைக் கேட்டதில்லை. காதுக்குக் கொடுக்கும் சலுகையைக் கண்ணுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

ராகத்துக்கு உருவம் கொடுப்பது நம் தேசத்துக்குப் புதிதல்ல. வடக்கே ராகமாலை ஓவியங்களில் தோடி என்றால் கையில் வீணையோடு ஒரு பெண், சுற்றிலும் மான்கள். ஐரோப்பாவில் காண்டின்ஸ்கி வேறு வழியில் போனார். 1911 ஜனவரியில் மியூனிக் நகரில் ஷோன்பர்க்கின் கச்சேரியைக் கேட்டு அவர் எழுதிய படத்தில், கறுப்புப் பியானோவை அலைபோல் மஞ்சள் வர்ணம் சூழ்ந்திருக்கும். புதுச்சேரியில் நடந்தது இரண்டிலும் சேராது. இங்கே சங்கீதத்தைப் பார்த்துப் படம் எழுதவில்லை. படத்தைப் பார்த்து மெட்டுப் போடவும் இல்லை. இரண்டும் ஒரே காவியத்தின் குழந்தைகள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால் ஒன்றுபோலவே மற்றொன்றும் தோன்றி அலுப்புத் தட்டுகிறது. சிலவற்றில் கை இன்னும் பழகவில்லை என்பதும் தெரிகிறது. ஆனால் ஆர்கன் ஒலிக்கத் தொடங்கியதும் வேறு கதை. சாதாரணமாக ஒரு படத்தை நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோம்? பட்டுப் புடவைக்குக் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. இங்கே நாதம் அடங்கும் வரையில் கண் நகர முடியாது. நின்று பார்க்கப் பார்க்க, ஒரே நீலம் என்று நினைத்ததற்குள் நாலைந்து நீலங்கள் புலப்படுகின்றன.

மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. அதிலும் அன்னையின் பிரெஞ்சு வாடை வீசும் இங்கிலீஷ்! இருந்தும் அவள் பேசவில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சாவித்திரி கிடைச்சாளா, மாமி?”

“சும்மா இரு. அந்த வாத்தியம் இன்னும் கொஞ்ச நேரம் வாசிக்க மாட்டாளோ?”