பணியிட மாற்றமும் வலையமைப்புக் கோப்புகளும்: தமிழ் ஆவணங்களை முன்வைத்து

முன்னுரை

பல நகரங்களில் கிளைகளைக் கொண்ட நிறுவனங்களில் பணியாளர் ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுவது இயல்பு. புதிய இடத்தில் மேசையும் கணினியும் கிடைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கோப்புகளோ பழைய கிளையின் வழங்கியிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை முறையாகப் பெயர்ப்பது வலையமைப்பு நிருவாகத்தின் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. கோப்புகள் தமிழில் அமைந்திருப்பின், பொதுவான கையேடுகளில் காணப்படாத சில இடர்களும் உடன் எழுகின்றன. பல நாடுகளில் கிளை பரப்பியுள்ள தமிழ் அமைப்புகளும் ஊடக அலுவலகங்களும் இவற்றை அறிந்திருத்தல் நன்று.

1. தொலைவினால் நேரும் தாழ்வு

வழங்கியிலுள்ள ஒரு கோப்பைத் திறக்கும்போது, கணினிக்கும் வழங்கிக்கும் இடையே பல பரிமாற்றங்கள் நிகழ்கின்றன. ஒரே கட்டடத்துக்குள் இது புலப்படாது. கண்டங்களுக்கிடையே ஒரு பரிமாற்றத்துக்கு 0.2 நொடி ஆகுமெனக் கொண்டால், ஒன்றன்பின் ஒன்றாக 100 பரிமாற்றங்கள் வேண்டும் செயலுக்கு 20 நொடி கழியும். இணைப்பின் கொள்ளளவைப் பெருக்கினாலும் இத்தாழ்வு நீங்காது. எனவே மாற்றம் நிலையானதாயின், கோப்புகளும் பயனருக்கு அருகிலுள்ள வழங்கிக்கு வருதல் வேண்டும். சில வாரப் பணியாயின் கோப்புகளைப் பெயர்க்காமல், பழைய கிளையிலுள்ள கணினியைத் தொலைவிலிருந்து இயக்குவதே போதும்.

2. பெயரையும் இடத்தையும் பிரித்தல்

கோப்பின் முகவரியில் வழங்கியின் பெயர் இடம்பெற்றிருப்பின், வழங்கி மாறியவுடன் குறுக்குவழிகளும் ஆவணங்களுக்குள் அமைந்த இணைப்புகளும் அறுபடும். இதற்குத் தீர்வு, பயனர் காணும் பெயரைக் கோப்பு உறையும் இடத்திலிருந்து பிரித்துவிடுவதாகும். 1980-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் கூட்டுறவோடு உருவான ஆண்ட்ரூ கோப்பு முறைமை இக்கொள்கையைச் செயற்படுத்தியது. விண்டோஸ் வலையமைப்புகளில் பகிர்ந்தமை கோப்பு முறைமை (டிஎஃப்எஸ்) இதே பணியைச் செய்கிறது. பயனருக்கு நிறுவனம் முழுமைக்கும் பொதுவான ஒரு பெயரே தெரியும். அப்பெயர் எந்த வழங்கியைச் சுட்டவேண்டும் என்பதை நிருவாகி மாற்றியமைக்கலாம். விண்டோஸ் 2000 முதல் கிடைக்கும் கோப்புறைத் திசைமாற்றத்தை இப்பொதுப் பெயரோடு இணைத்தால், பயனரின் ஆவணங்கள் எக்கிளையிலும் ஒரே முகவரியில் தோன்றும்.

3. தமிழ்க் கோப்புகளுக்குரிய இடர்கள்

முதலாவது, எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டச்சான ஆவணங்கள் தஸ்கி, டாப், டாம் முதலிய குறியாக்கங்களிலும், நிறுவனங்கள் தமக்கென வகுத்த குறியாக்கங்களிலும் உள்ளன. உரிய எழுத்துரு கோப்புகளோடன்றிப் பழைய கணினியிலேயே நிறுவப்பட்டிருக்கும். கோப்பு பிழையின்றி வந்து சேர்ந்தாலும், புதிய கணினியில் அது பொருளற்ற குறிகளாகவே தோன்றும். பயன்படுத்தியவர் இடம்பெயர்ந்து, பழைய கணினியும் அகற்றப்பட்டபின், எக்குறியாக்கம் என அறிவதே கடினமாகும்.

இரண்டாவது, பெயரின் நீளம். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஒருங்குறியில் 5 குறியீடுகளாகும். யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகளாகும். லினக்ஸ் வழங்கிகளில் பரவலாக வழங்கும் கோப்பு முறைமைகள் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளையே ஏற்கும். அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். விண்டோசின் என்டிஎஃப்எஸ் முறைமையில் 255 தமிழ்க் குறியீடுகள் வரை பெயரிடலாம். ஆதலின் விண்டோஸ் வழங்கியில் இயல்பாக இருந்த நெடும்பெயர்க் கோப்பு, லினக்ஸ் வழங்கிக்குப் படியெடுக்கையில் விடுபடக்கூடும்.

மூன்றாவது, எழுத்தின் அமைப்பு. 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். 1998-இல் அறிமுகமான ஆப்பிளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே பதிந்தது. பிற முறைமைகள் பல, உள்ளிட்ட வடிவத்தை அப்படியே பதிகின்றன. இதனால் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் கணினிக்கு வேறாகும். ஒரே கோப்பு இருமுறை தோன்றுவதும், தேடலில் அகப்படாமற்போவதும் நேரும்.

4. பெயர்ப்பு நடைமுறை

தனிப்பணிக் கோப்புகளையும் அலுவலகத்துக்குரிய பொதுக் கோப்புகளையும் முதலில் பிரித்தல் வேண்டும். பின்னவை பணியாளரோடு செல்லாமல், பொறுப்பேற்பவரிடம் ஒப்படைக்கப்படவேண்டியவை. மடிக்கணினியில் இணைப்பின்றித் திருத்திய கோப்புகளை வழங்கியோடு ஒத்திசைத்தபின்னரே பெயர்ப்பைத் தொடங்குதல் வேண்டும். பெரும்பகுதியை முன்கூட்டியே படியெடுத்துவிட்டு, மாற்ற நாளன்று பழைய இடத்தில் எழுதும் உரிமையை நிறுத்தி, இடையில் மாறியவற்றை மட்டும் பெயர்த்தால் பணித்தடை குறையும். ரோபோகாப்பி போன்ற கருவிகள் இதற்குதவும். அணுகல் அனுமதிகளையும் உடன் பெயர்க்குமாறு அவற்றை அமைத்தல் வேண்டும். ஒரு வழங்கியின் உட்குழுவுக்கு அளித்த அனுமதி மற்றொரு வழங்கியில் பொருளற்றதாகையால், அனுமதிகளை நிறுவனம் தழுவிய குழுக்களுக்கே வழங்குதல் நன்று.

தமிழ்க் கோப்புகளுக்கு மேலும் மூன்று செயல்கள் வேண்டும்: பழைய குறியாக்க ஆவணங்களை இனங்கண்டு, மூலத்தை அழிக்காமல் ஒருங்குறிக்கு மாற்றிய படியையும் சேர்த்தல், பெயர்களின் பைட்டு நீளத்தைச் சரிபார்த்தல், எழுத்து வடிவங்களை ஒருமைப்படுத்தல். எண்ணிக்கை ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. தமிழறிந்த ஒருவர் சில கோப்புகளையேனும் புதிய கணினியில் திறந்து படித்தபின்னரே பழைய படியை நீக்குதல் முறை.

முடிவுரை

கோப்பின் பெயர் இடத்தைச் சார்ந்திராவிடில், பணியாளர் எங்குச் சென்றாலும் பணி தொடரும். தமிழ் ஆவணத்துக்கோ எழுத்தும் ஒரு கணினியைச் சார்ந்திராமை வேண்டும். இடமாற்றத்தின்போது பழைய கணினியும், அதன் எழுத்துருவும், அவற்றைப் பயன்படுத்தியவரும் ஒருங்கே கிடைக்கின்றனர். அவ்வாய்ப்பைத் தவறவிட்டால், கோப்பு அழியாதிருந்தும் அதன் உள்ளடக்கம் படிக்க இயலாததாகிவிடும்.