தொடாமல் ஆளும் வாயில்

கல்லூரி மாணவனாயிருந்த காலத்தில், படிக ஒலிவாங்கி ஒன்றைச் சாதாரண டிரான்ஸிஸ்டர் பெருக்கியுடன் இணைத்துப் பேசிப் பார்த்தேன். என் குரலின் கனமெல்லாம் மறைந்து, தகரத்தைத் தட்டினாற்போன்ற மெல்லிய ஓசையே வந்தது. ஒலிவாங்கி பழுதென்றெண்ணி, கைப்பணத்தைச் செலவிட்டு வேறொன்று வாங்கினேன், பயனில்லை. பிறகே உண்மை விளங்கிற்று. படிகம் மின்னழுத்தத்தைத் தரவல்லது. மின்னோட்டத்தை வாரி வழங்க வல்லதன்று. சாதாரண டிரான்ஸிஸ்டரோ, அடிவாயில் மின்னோட்டம் பெற்றாலன்றி இயங்காது.

மின்னோட்டம் கேளாமல், மின்னழுத்தத்தை மட்டும் கொண்டு இயங்கும் கருவி உண்டா? உண்டு. அதுவே சந்திப் புலவிளைவு டிரான்ஸிஸ்டர்.

குறைகடத்தியில் ஓடும் மின்னோட்டத்தை வெளியிலிருந்து ஒரு மின்புலத்தால் ஆள, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஷாக்லி 1945-இல் முயன்றார், பலிக்கவில்லை. மேற்பரப்பில் சிக்குண்ட எலெக்ட்ரான்களே புலத்தை உள்ளே புகவொட்டாமல் தடுக்கின்றன என்று பார்டீன் விளக்கினார். 1952-இல் ஷாக்லி வேறு வழி கூறினார்: படிகத்தின் உள்ளேயே சந்தியை அமைத்துவிட்டால், மேற்பரப்பின் தடை நம்மை என்ன செய்யும்? மறு ஆண்டே டேஸியும் ராஸும் அதைச் செய்து காட்டினர்.

எலெக்ட்ரான்கள் மிகுந்த என்-வகை ஸிலிகான் பட்டையொன்றை ஒரு வாய்க்காலாகக் கொள்வோம். ஒரு முனை தோற்றுவாய், மறுமுனை வடிகால். இரு கரைகளிலும் பி-வகை ஸிலிகான் உண்டு, அதுவே வாயில். இருவகையும் கூடும் சந்தியில், நடமாடும் மின்துகள்களற்ற வெறுமைப் பகுதி உண்டாகிறது. வாயிலுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் அப்பகுதி அகலும், வாய்க்கால் குறுகும், மின்னோட்டம் குறையும். மதகுப் பலகை நீருக்குள் இறங்கித் தடுக்கிறது. இங்கோ, கரைகளே பருத்து வாய்க்காலை நெருக்குகின்றன! வாயிலில் கசியும் மின்னோட்டம் சாதாரண வெப்பநிலையில் ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவே.

மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. வடிகாலின் மின்னழுத்தத்தை உயர்த்தினால், அம்முனையில் வெறுமைப் பகுதி மிகவும் அகன்று வாய்க்காலை முடிவிடிவிடுகிறது. அப்படியானால் மின்னோட்டம் நின்றுவிட வேண்டாமோ? நிற்பதில்லை. அவ்விடத்தை அடையும் எலெக்ட்ரான்களை அங்குள்ள வலிய மின்புலம் வடிகாலுக்கு இழுத்துச் செல்கிறது. மின்னோட்டம் மேலும் வளர்வதுதான் நிற்கிறது. வாயிலின் எதிர் மின்னழுத்தம் சில வோல்ட் அளவுக்கு உயர்ந்து, வாய்க்கால் நெடுகிலும் மூடினால்தான் ஓட்டம் ஏறக்குறைய அறும்.

இதனை அறிந்தபின், படிகத்திற்கும் பெருக்கிக்கும் இடையே இத்தகைய டிரான்ஸிஸ்டர் ஒன்றை வைத்தேன். என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. எலெக்ட்ரெட் வகைச் சிற்றொலிவாங்கிகள் பலவற்றுள் இதே கருவி இன்றும் அடங்கியிருக்கிறது. பழுதான ஒன்று கிடைத்தால் திறந்து பாருங்கள். மூன்று கால்களுடன் அது அங்கே காத்திருக்கும்.