மின்னோட்டம் அறுபடும்போதுதான் பொறி

பழைய அம்பாசடர் காரில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பற்றவில்லை, பெட்ரோலும் தடையின்றி வருகிறது என்றால் குறை பெரும்பாலும் இக்னிஷனில்தான். பலரும் முதலில் காயிலைச் சந்தேகிப்பார்கள். ஆனால் காயில் தானாக எதையும் செய்வதில்லை. அதன் முதல் சுருளில் ஓடும் மூன்று, நான்கு ஆம்பியர் மின்னோட்டத்தை டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட் திறந்து அறுக்கிறது. அந்தக் கணத்தில்தான் இரண்டாம் சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறி தெறிக்கிறது. 3,000 ஆர்.பி.எம். வேகத்தில் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு நொடிக்கு நூறு பொறிகள் தேவை.

இதைக் குழாய்த் தண்ணீரோடு ஒப்பிடலாம். நீண்ட குழாயில் பாயும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிரும். மெதுவாக அடைத்தால் தண்ணீர் இடுக்கு வழியே கசிந்து வேகம் வீணாகும். பாயின்ட் திறக்கத் தொடங்கும்போது இடைவெளி மிகச் சிறியது. மின்னோட்டம் அதைத் தாண்டி அங்கேயே எரியப் பார்க்கும். குழாய் வாயருகே ஒரு ரப்பர் பையைக் கட்டினால், அடைப்பு முழுமையாகும்வரை வரும் தண்ணீரைப் பை வாங்கிக்கொள்ளும். பாயின்ட்டோடு இணைத்திருக்கும் கண்டென்சர்தான் அந்தப் பை. பை கிழிந்தால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்: கண்டென்சர் ஷார்ட், பொறியே வராது. பை கழன்றால் இடுக்கில் பீறிடும்: பாயின்ட்டில் தீப்பொறி பறக்கும், பிளக்கில் பொறி மெலியும். இத்தனையையும் சாதிக்கும் கண்டென்சரின் கொள்ளளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட்தான்.

பாயின்ட், காயில், கண்டென்சர் சேர்ந்த இந்த இக்னிஷன் முறையை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடிலாக் கார்களில் இடம்பெற்று, பிறகு உலகெங்கும் பரவியது.

சோதனைக்கு ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். ஒரு முனையை எர்த்தில் வைத்து, சுவிட்சைப் போட்டு, மறுமுனையால் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையைத் தொட வேண்டும். எரியாவிட்டால் குறை சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கிறது. எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும்; விட்டுவிட்டு எரிவதே சரி. அணையாமல் எரிந்தால் பாயின்ட் சேரவில்லை, அல்லது கரி பிடித்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் பாயின்ட் திறக்கவில்லை, கண்டென்சர் ஷார்ட், அல்லது காயிலின் முதல் சுருள் அறுந்திருக்கிறது.

பாயின்ட்டின் முகமும் பேசும். ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் தெரிந்தால் கண்டென்சர் பொருத்தமற்றது. காலையில் ஸ்டார்ட் ஆகி, சூடேறியதும் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடும் காரில் கண்டென்சரையும் காயிலையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். இவை சரியென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கீறல், ரோட்டர், பிளக் ஒயர் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

நாற்பதாயிரம் வோல்ட் காயில் மைலேஜைக் கூட்டும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. பிளக் இடைவெளியைத் தாண்டத் தேவையான அளவுக்கே வோல்டேஜ் ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். பழைய கார் கேட்பது சுத்தமான பாயின்ட்டும் ஃபீலர் கேஜால் வைத்த சுமார் 0.4 மி.மீ. இடைவெளியும்தான். இடைவெளியை மாற்றினால் பொறி வரும் நேரமும் மாறும்; ஆகவே டைமிங்கைக் கடைசியில் சரிபார்க்க வேண்டும்.