‘ஆபித்’ படத்தை எங்கே தேடுவது?

பிரமோத் பதி 1972-இல் எடுத்த ‘ஆபித்’ சில நிமிடங்களே ஓடும் படம். ஓவியர் ஆபித் சுர்தியே அதில் பொம்மை. உயிருள்ள மனிதரைப் பொம்மைபோல் ஆட்டிவைக்கும் இந்த நுட்பத்துக்கு பிக்சிலேஷன் என்று பெயர். ஆளை அசையாமல் நிறுத்தி ஒரு ஃபிரேம் எடுப்பார்கள். இம்மியளவு நகரச் சொல்லி அடுத்ததை எடுப்பார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஐந்து நிமிடத்துக்கு 7,200 ஃபிரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேமுக்கு நீட்டினாலும் 3,600 தடவை ஆள் சிலையாக வேண்டும். இடையில் அவர் எடுத்துவைத்த அடி படத்தில் விழாது. அதனால் கால் அசையாமலே மனிதர் தரையில் வழுக்குவார்; குதிக்கும்போது உச்சியில் மட்டும் படம்பிடித்தால் பறக்கவே செய்வார். கனடாவின் நார்மன் மெக்லாரன் 1952-இல் ‘நெய்பர்ஸ்’ படத்தில் இதைச் செய்துகாட்டி ஆஸ்கர் வாங்கினார்.

பெங்களூரின் மர்பி டவுனில் வீட்டிலிருந்தபடி இத்தகைய படத்தைத் தேடுகிறவர் முதலில் ஓடிடி தளங்களைத்தான் திறப்பார். அங்கே கிடைப்பது அரிது. மாதச் சந்தா கட்டுகிறவரை மணிக்கணக்கில் உட்காரவைக்கும் தொடர்களுக்கே அங்கே மதிப்பு. படத்தின் பெயரோடு, அதற்குப் பணம் போட்டது யார் என்றும் கேட்பதே சரியான வழி. ‘ஆபித்’துக்குச் செலவழித்தது 1948-இல் தொடங்கிய அரசு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன். மக்கள் பணத்தில் எடுத்த படத்தைப் பூட்டிவைத்து லாபம் பார்க்க வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்ததில்லை. ஆகவே தேடலை அதன் யூடியூப் சானலில் தொடங்குவதே முறை. குஜராத்தில் பிறந்த இஷு படேல் பாசிமணிகளை நகர்த்தி எடுத்த ‘பீட் கேம்’ (1977) கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் தயாரிப்பு. ‘நெய்பர்ஸ்’ படமும் அப்படியே. வாரியத்தின் இணையதளத்தில் இரண்டையும் காசில்லாமல் பார்க்கலாம். தனியார் பணத்தில் எடுத்த புதிய குறும்படம் என்றால் கதை வேறு: திரைப்பட விழாச் சுற்று முடியும்வரை பெரும்பாலும் வெளியே வராது, பிறகு இயக்குநரே விமியோ தளத்தில் ஏற்றினால் உண்டு.

எப்படியும் யாராவது யூடியூபில் ஏற்றியிருப்பார்களே, இவ்வளவு விசாரணை எதற்கு என்று கேட்கலாம். ஏற்றியிருப்பார்கள்தான், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், ஒலி மாறியிருக்கும், ஒருநாள் சொல்லாமல் காணாமலும் போகும். தியேட்டருக்காக எடுத்ததைக் கைப்பேசியில் பார்ப்பது குறைதானே என்பது இதைவிட வலுவான கேள்வி. குறைதான். ஆனால் ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்கள் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால், சட்டக் கட்டாயத்தின்பேரில் ஓடியவை. இருட்டில் சீட் தேடுகிறவர்களுக்கு மத்தியில் ஃபிரேமை யார் கவனிப்பது? வீட்டிலோ அது முடியும்: கணினியில் யூடியூப் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னே நகரும், காற்புள்ளியைத் தட்டினால் ஒரு ஃபிரேம் பின்னே.