கீசருக்குள் கல் விளைவது ஏன்?

கீசரின் அடித்தட்டைக் கழற்றி மெக்கானிக் காயிலை இழுக்கும்போது கூடவே வெள்ளைச் சில்லுகள் பொலபொலவென்று கொட்டும். பென்சில் பருமனில் இருந்த காயில் பெருவிரல் பருமனுக்கு வீங்கியிருக்கும். தட்டினால் பொருக்கு உதிரும். அடியில் செம்பு உறை கறுத்து, ஓரிடத்தில் வெடித்திருக்கும். "உப்பு அடைச்சிருச்சு சார், காயில் போயிருச்சு" என்பார். புதுக் காயில் மாட்டப்படும். அதே போர் தண்ணீர் மறுபடியும் தொட்டிக்குள் ஏறும்.

அந்தப் பொருக்கை எல்லோரும் உப்பு என்றுதான் சொல்கிறோம். அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். கோவைக்குத் தெற்கே மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டி எடுப்பதும் இதே பொருள்தான். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. பாறையிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. குளிர்ந்திருக்கும் வரை அவை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே இருக்கும். சூடேறினால் வாயு வெளியேறிவிடும், கால்சியம் மறுபடி கல்லாகிவிடும். பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் கூடுதலாகக் கரையும், இது நேரெதிர். அதனால்தான் வீட்டில் எந்தப் பரப்பு அதிகம் சூடாகிறதோ, கல் முதலில் அங்கே போய் உட்காருகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் அதன் வேகம் இன்னும் கூடும்.

கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் சிறுவாணி, மற்றொன்றில் போர் தண்ணீர். சிறுவாணி நீர் பாலக்காடு மாவட்டத்து மலைக்காடுகளில் பெய்த மழை. பாறையோடு நெடுநாள் உறவாட அதற்கு வாய்ப்பில்லை. பல நூறு அடி ஆழத்துப் பாறை இடுக்கில் காலங்காலமாகத் தங்கிய போர் நீர் அப்படியல்ல. அதில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரியும். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் குழையாது. பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினை கால்சியம் இறுகப் பிடித்துக்கொள்வதே காரணம். பருப்பு வேக வைக்க மட்டும் நல்ல தண்ணீரை எடுத்துவைக்கும் வழக்கம் சும்மா வந்ததில்லை.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை (கரைந்த கால்சியமும் மக்னீசியமும், சுண்ணாம்புக்கல் கணக்கில்) இருக்கலாம் என்கிறது; வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 600 வரை. உடல்நலத்தைக் காரணம் காட்டி உலக சுகாதார நிறுவனம் இதற்கு வரம்பு எதுவும் விதிக்கவில்லை. அடிபடுவது பெரும்பாலும் நம் பாத்திரங்களும் இயந்திரங்களும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை, நாளைக்கு 500 லிட்டர் செலவு என்றால், 200 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடான தாதுக்கள் தினமும் வீட்டுக் குழாய்களில் ஓடுகின்றன. அத்தனையும் படியாது. ஆனால் சிறு பங்கு படிந்தாலே போதும்.

படிந்தபின் என்ன ஆகும்? வெப்பத்தைக் கடத்துவதில் செம்புக்கு நூறில் ஒரு பங்குகூட இந்தக் கல்லுக்குத் திறன் கிடையாது. காயிலின் சூடு நீருக்குப் போக வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. கடைசியில் உறை வெடித்து, மின்கசிவைத் தடுக்கும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகும். கரண்ட் பில் எகிறும் என்று விளம்பரங்கள் மிரட்டுவதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். நீருக்குள் மூழ்கிய மின் காயிலின் வெப்பம், தாமதமானாலும், நீருக்குத்தான் போயாக வேண்டும். அமெரிக்காவின் பேட்டெல் நிறுவனம் நடத்திய ஆய்விலும் மின் ஹீட்டர்களின் திறன் குறையவில்லை. காயிலின் ஆயுள்தான் குறையலாம் என்றது அது. கேஸ் கீசரின் கதை வேறு. அதில் நீருக்குப் போகாத வெப்பம் புகையோடு வெளியேறிவிடும், எரிவாயு வீணாகும்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் நுழையும் வால்வின் சல்லடை முதலில் அடைபடும். ஹீட்டர் உள்ள ஃப்ரண்ட் லோடு மெஷினுக்குக் கீசரின் கதிதான். சிலர் ஆர்ஓ கழிவுநீரைச் சேமித்து மெஷினில் ஊற்றுகிறார்கள். தண்ணீரை வீணாக்கக்கூடாது என்ற அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு குடம் கழிவு வந்தால், அந்தக் கழிவின் கடினத்தன்மை மூல நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள், மெஷினுக்கு வேண்டாம்.

காசில்லாத வைத்தியம், கீசரின் குமிழைத் திருகி 55 டிகிரி வாக்கில் வைப்பது. ஆண்டுக்கொரு முறை தொட்டியை வடித்து, ஆனோடு ராடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ளும் அந்த மக்னீசியக் கம்பியை, கேட்காவிட்டால் மெக்கானிக்குகள் பலர் தொடுவதே இல்லை. ஷவர் தலைக்கும் இட்லிப் பாத்திரத்தின் அடிக்கும் புளிக்கரைசலோ எலுமிச்சை உப்போ போதும். கழிப்பறை ஆசிடைக் கீசருக்குள் ஊற்றச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். கல்லோடு உலோகத்தையும் அது அரித்துவிடும்.

கடினத்தன்மை மிக அதிகமென்றால் சாஃப்ட்னர்தான் வழி. அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகளுக்கு மறுபடி சக்தி ஏற்றக் கல்லுப்பு வேண்டும். 400 மில்லிகிராம் கடினத்தன்மையை இப்படி நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 184 மில்லிகிராம் சோடியம் சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் சமையலறைக் குழாயைத் தனியே விட்டுவிடுவது நல்லது. அந்த உப்புக் கழிவைச் செடிக்கும் விடக்கூடாது.

இதில் எதை வாங்கும் முன்பும் கடினத்தன்மை எவ்வளவு என்று கேளுங்கள். விற்பனையாளர் காட்டும் டிடிஎஸ் மீட்டர், கரைந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும். அதில் சமையல் உப்பு எத்தனை, சுண்ணாம்பு எத்தனை என்று பிரிக்காது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கமே ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்து, அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். லாரித் தண்ணீர் வாங்குகிற இடங்களில் லாரி எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதால், கோடையில் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும்.